முப்பத்தொன்னாம் நம்பர் கதவு

நம்ம வயசுக்காரங்க யாராவது இதைப் படிச்சா ஒன்னு சொல்லுங்க. ரோட்டோரம் புல்டோசர் நின்னா, சும்மா நின்னாக்கூட, உங்களுக்குப் பயமா இருக்கா? எனக்கு இருக்கு. இங்க புனேல மகர்பட்டா பக்கம் பஸ்ல போறப்போ எங்கயாவது பள்ளம் தோண்டிட்டு இருப்பாங்க. நான் மூஞ்சியைத் திருப்பிக்குவேன். "அம்மா, பைப் போடறாங்க, அவ்ளோதான்"னு என் பொண்ணு சொல்லுவா. அவ லிஃப்ட் வெச்ச பில்டிங்ல வளர்ந்தவ. அவகிட்ட என்னத்த சொல்றது. பட்ரி ஓரத்துல வளர்ந்த உங்ககிட்ட சொன்னா புரியும்.

பட்ரின்னா ரயில் தண்டவாளம். போபோடியில நாங்க யாரும் தண்டவாளம்னு சொன்னதே கிடையாது. பட்ரியை ஒட்டி ஒரு சந்து, அதுல முப்பது வீடு சொச்சம். பாதிக்கு மேல தமிழாளுங்க. ஆற்காடு, அரக்கோணம் பக்கத்துலேர்ந்து கிர்கிக்குப் பிழைக்க வந்தவங்களோட பிள்ளைங்க, அந்தப் பிள்ளைங்களோட பிள்ளைங்க நாங்க. தகரக் கூரை, அரைச் செங்கல் சுவரு. ரயில் போனா அலமாரில இருக்கற டம்ளருங்க ஒரு விரக்கடை நகரும். சாயங்காலம் அம்மா அதையெல்லாம் மறுபடி உள்ள தள்ளி வெப்பாங்க. நிலம் ரயிலுக்குச் சொந்தம். அந்த ஒரு பேச்சை மட்டும் எங்க வீட்ல யாரும் சத்தமா பேசமாட்டாங்க.

சந்துக்கு எதிர்ல பழைய சால் ஒன்னு இருந்துச்சு, வரிசையா ரூமுங்க. அதுல கடைசி ரூம்ல பார்சல் தாத்தா. ரயில்வேல பார்சல் ஆபீஸ் கிளார்க்கா இருந்து ரிடையர் ஆனவர், அதனால அந்தப் பேரு. பெண்டாட்டி செத்துப்போயி தனியா இருந்தார். எங்க அம்மா வாரத்துக்கு ரெண்டு தடவை ரசமோ கருவாட்டுக் கொழம்போ கிண்ணத்துல ஊத்தித் தருவாங்க, நான்தான் எடுத்துட்டுப் போவேன். அப்ப எனக்குப் பத்து வயசு. தொண்ணூறுகளோட ஆரம்பம்.

அவர் படம் வரைவார். காலைல ஏழு மணிக்கெல்லாம் ஒரு ஸ்டூலு, மடில ஒரு பலகை, பக்கத்துல ஜாம் பாட்டில்ல தண்ணி. தகர டப்பால பன்னெண்டு கலரு, சின்னச் சின்ன சோப்புத் துண்டாட்டம். டிபன் பாக்ஸ் மூடில குழைப்பார். முதல்ல வெறும் தண்ணியைத்தான் பேப்பர் பூரா பூசுவார். "தண்ணியில இன்னா தாத்தா வரையற?"னு நாங்க சிரிப்போம். அப்புறம் அந்த ஈரத்துல ஒரு சொட்டு நீலத்தை விடுவார். அது தானா பரவி வானமா ஆயிடும். நாங்க கப்சிப்.

அவர் வரைஞ்சதெல்லாம் ரயிலுதான். கூட்ஸு, என்ஜினு, சிக்னல் கம்பம். படம் காஞ்சதும் கீழ் மூலைல பென்சிலால வரிசை நம்பர், தேதி, மணி எழுதுவார். முப்பது வருஷம் லேபிள் எழுதின கை, சும்மா இருக்குமா. "லேபிள் இல்லாத பார்சலு வந்தா இன்னா பண்ணுவாங்க தெரியுமா பாப்பா? மூலைல தள்ளிடுவாங்க. என்னுதுன்னு ஆள் வந்து அழுதாலும் குடுக்கமாட்டாங்க." இதை எனக்கு நூறு தடவையாவது சொல்லியிருப்பார். எழுதி முடிச்சதும் படத்தை அடுக்குல வெச்சு, சணல் கயிறு போட்டுக் கட்டி, ட்ரங்குப் பெட்டி மேல வெப்பார்.

அந்த வருஷம் வெயில் காலத்துல எங்க சந்துக்கு ரயில்வே ஆபீஸ்லேர்ந்து ஆளுங்க வந்தாங்க. கையில ரெஜிஸ்டரு, ஒருத்தன்கிட்ட சிவப்பு பெயிண்ட் டப்பா. ஒவ்வொரு வீட்லயும் பேர் கேட்டு மராட்டில எழுதிக்கிட்டாங்க. நம்ம பேருங்களை அவங்க எழுதினா எப்படி வரும்னு உங்களுக்குச் சொல்லணுமா. எங்க அப்பா பேரை அவரே படிச்சிருந்தாலும் கண்டுபிடிச்சிருக்கமாட்டார். எழுதிட்டு கதவுல சிவப்பா ஒரு நம்பர் போட்டாங்க. ஒரு பக்கம் ஒருத்தன், இன்னொரு பக்கம் ஒருத்தன்னு போட்டதால நம்பருங்க வரிசையாவும் இல்ல. எங்க பச்சைக் கதவுல முப்பத்தொன்னு. பக்கத்து வீட்டு அத்தைக்கு ஒன்பது.

அன்னைக்கு சாயங்காலம் பைப்படியில ஒரே பேச்சு. பக்கத்து வீட்டு அத்தைதான் ஆரம்பிச்சாங்க. "மும்பைல எங்க அக்கா வூட்லயும் இப்பிடித்தான் நம்பர் போட்டானுங்க. மூணாம் மாசம் மெஷினு வந்து நின்னுச்சு. சோறு வடிச்ச பானையக்கூட எடுக்க வுடல."

பானையைக்கூட எடுக்க விடல. இது என் காதுல விழுந்த அன்னைக்கு ஆரம்பிச்சது எனக்கு இந்தப் பயம்.

பெரியவங்க ஒரு முடிவு பண்ணாங்க. நம்பர் இருந்தாத்தானே இடிப்பான், அழிச்சிடுவோம். ஞாயித்துக்கிழமை சந்து பூரா கிரசின் வாசனை. எங்க அப்பா துணியை கிரசின்ல முக்கி அந்த முப்பத்தொன்னைத் தேய் தேய்னு தேய்ச்சார். சுண்டு விரல்ல தோலு உரிஞ்சு போச்சு. அப்பவும் கொஞ்சம் சிவப்பு தெரிஞ்சதால கதவு மொத்தத்துக்கும் காவிப் பெயிண்ட் அடிச்சிட்டார். அத்தை வீட்டுக் கதவுல சுண்ணாம்பு. எல்லாருக்கும் அன்னைக்கு ராத்திரி நல்லாத் தூக்கம் வந்திருக்கும்.

ஆனா அதுக்கு முன்னாடி பத்து நாளு நம்பருங்க கதவுல இருந்துச்சு இல்லையா. அந்தப் பத்து நாளா தாத்தா ஸ்டூலைத் திருப்பிப் போட்டிருந்தார். பட்ரிக்கு முதுகைக் காட்டிக்கிட்டு, எங்க வீடுங்களைப் பார்த்து உக்காந்து, ஒவ்வொரு வீடா வரைஞ்சுக்கிட்டிருந்தார். கதவு, கதவுல நம்பரு, வாசல்ல யார் இருந்தாங்களோ அவங்க. நாங்க பிள்ளைங்க பின்னாடி நின்னு, "தாத்தா, எங்க வூடு எப்போ?"னு கேட்டு அடிச்சுக்கிட்டோம். நம்பரை அழிச்ச மறுநாள்தான் பெரியவங்களுக்கு அது உறைச்சுது.

அப்பாவும் இன்னும் நாலு பேரும் சாலுக்குப் போனாங்க. நான் அப்பா வேட்டிக்குப் பின்னாடியே போனேன்.

"இன்னாத்துக்கு எங்க வூடுங்கள வரையற?"ன்னார் அப்பா.

"எதிர்ல கீது, வரையறேன்."

"நம்பர எதுக்கு வரைஞ்ச?"

"கதவுல இருந்துச்சேப்பா."

"ஆபீஸ்ல கேட்டானுங்களா?"

"என்னை எவன் கேப்பான். நான் வெளிய வந்து ஆறு வருசமாச்சு."

"அப்ப கிழிச்சிப் போடு. எங்க கண்ணு முன்னால கிழி."

 தாத்தா தூரிகையை ஜாம் பாட்டில்ல அலசினார். அப்புறம் சொன்னார், "கிழிக்கமாட்டேன். நீங்க லேபிளக் கிழிச்சிட்டீங்க. அது தப்பு. நம்பர் போட்டவன் கணக்குல நீங்க இருக்கீங்கன்னு அர்த்தம்."

அவர் நல்லதுக்குத்தான் சொன்னார்னு எனக்கு இப்போ தெரியுது. அன்னைக்கு எல்லார் காதுலயும் அது மிரட்டலாத்தான் விழுந்துச்சு. "ரயில்காரன் எப்பவும் ரயில்காரன்தான்"னுட்டு அப்பா எச்சில் துப்பினார்.

அதுலேர்ந்து அவரோட யாருக்கும் பேச்சுவார்த்தை இல்ல. பைப்படியில அவர் குடத்தை யாராவது ஓரமா தள்ளி வெப்பாங்க. கடைசி ஆளா, தண்ணி நூலாட்டம் வரப்போ பிடிச்சுட்டுப் போவார். ஒரு நாள் எங்க அம்மா மனசு கேக்காம ரசத்தைக் கிண்ணத்துல ஊத்தி முந்தானைக்குள்ள மறைச்சு எடுத்துட்டுப் போனாங்க. அப்பா பார்த்துட்டார். சந்துக்கு நடுவுல வெச்சு அறைஞ்சார். ரசம் அம்மா புடவையெல்லாம் கொட்டிச்சு. அப்பா கெட்டவர் இல்ல, சத்தியமா சொல்றேன், எனக்கு ஜுரம்னா தோள்ல தூக்கிக்கிட்டு கிர்கி ஆஸ்பத்திரி வரைக்கும் நடந்தவர். அவருக்கும் பயம். பயந்த ஆம்பளை கை நீட்டுவான், அதை நம்ம வீடுங்கள்ல பார்த்துத்தானே வளர்ந்தோம். எனக்கு அதுலேர்ந்து புல்டோசர் ஒரு பயம், அப்பா கை ஒரு பயம்.

பள்ளிக்கூடத்துலேர்ந்து வரப்போ சந்து முனைல கண்ணை மூடிக்குவேன். பத்து அடி அப்படியே நடப்பேன். திறந்தா வீடு இருக்கணும். மத்தியானம் கூட்ஸு வண்டி வந்தா மெஷினோன்னு ஓடிப்போயி பார்ப்பேன். கதவுக்குப் பின்னாடி ஒரு பையில என் கவுனு ரெண்டு, அம்மாவோட கல்யாணப் போட்டோ, ஒரு சின்னப் பானை எல்லாம் எடுத்து வெச்சிருந்தேன். பானையைத் தேடி அலுத்த அம்மா அதைக் கண்டுபிடிச்சு, "இன்னாடி இது?"ன்னாங்க. சொல்லத் தெரியாம அழுதேன்.

அப்படி அழுதுக்கிட்டு இருந்தப்போதான் எனக்கு அந்த யோசனை வந்துச்சு. கதவுல நம்பர் இல்ல. ரெஜிஸ்டர்ல பேர் தப்பு. மிச்சம் இருக்கறது அந்தப் படம் ஒன்னுதான். எங்க வீட்டுப் படம் இல்லைன்னா எங்க வீட்டை எப்படித் தெரியும் அவங்களுக்கு? மத்தவங்க வீடு இடிஞ்சா இடியட்டும்னு நினைச்சேன். ஆமா, அப்படித்தான் நினைச்சேன்.

தாத்தா பதினோரு மணிக்கு ஸ்டேஷனுக்குப் போவார். ஒரு வண்டி வரும், அதுலேர்ந்து பார்சல் இறக்கறதை வேடிக்கை பார்த்துட்டு வருவார். வேலை போனாலும் கால் போகல. கதவுக்குக் கொண்டிதான், பூட்டு கிடையாது. பள்ளிக்கூடம் லீவு நாள் ஒன்னுல நான் உள்ள போனேன். ட்ரங்குப் பெட்டி மேல கட்டு இருந்துச்சு. சணலை அவிழ்த்துப் புரட்டினேன்.

எங்க வீடு நடுவுல இருந்துச்சு. பச்சைக் கதவு. கதவுல சிவப்பா முப்பத்தொன்னு. வாசப்படியில அம்மா முறத்துல அரிசி புடைச்சுக்கிட்டு. மூஞ்சின்னு பார்த்தா காவி நிறத்துல ஒரு சொட்டுதான், ஆனா அம்மாவேதான் அது, தலையைச் சாய்ச்சு கல்லு தேடறப்போ அவங்க அப்படித்தான் இருப்பாங்க. கதவுக்கு உள்ள ரெண்டு கோடு இழுத்திருந்தார். அது நான்.

மூலைல ஒரு வாளில தண்ணி இருந்துச்சு. பைப்படியில கடைசியா நின்னு பிடிச்ச தண்ணி. அதுல படத்தை முக்கினேன். வானம் முதல்ல போச்சு. அப்புறம் பச்சை, வாளித் தண்ணில புகையாட்டம் இறங்கிச்சு. அம்மா போயிட்டாங்க. சிவப்பு மட்டும் போகல. கட்டை விரலால தேய்ச்சேன், பேப்பர் திரி திரியா உரிஞ்சு வந்துச்சு. கடைசில அந்த இடத்துல ரோஸ் கலர்ல ஒரு கறை மட்டும் நின்னுச்சு.

நிழல் தட்டிச்சு. திரும்பினா வாசல்ல தாத்தா.

எனக்கு மூத்திரம் போயிடுச்சு. இதை எழுதறதுக்கு இந்த வயசுலயும் வெக்கமாத்தான் இருக்கு. அவர் என்னைப் பார்த்தார், என் கையில சொட்டிக்கிட்டு இருந்த பேப்பரைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். திட்டல. பேப்பரை வாங்கி, ரெண்டு கையாலயும் ஓரத்தைப் பிடிச்சு, கொடில ரெண்டு கிளிப் போட்டு மாட்டினார்.

"எதுக்குப் பாப்பா?"ன்னார்.

"எங்க வூட்ட இடிக்காம இருக்க."

அவர் ஸ்டூல்ல உக்காந்துட்டார். 

"அப்பாகிட்ட சொல்லாத தாத்தா. அடிச்சே கொன்னுடுவார்."

"சொல்லமாட்டேன்."

"யார்கிட்டயும் சொல்லாத."

"நீயா சொல்லுன்னு சொல்ற வரைக்கும் யார்கிட்டயும் சொல்லமாட்டேன். போ, போயி கவுனை மாத்திக்க."

நான் ஓடினேன். ஓடறப்போ கொடில மாட்டியிருந்த பேப்பர் கண்ணுல பட்டுச்சு. எல்லாம் போயிருந்துச்சு, கீழ் மூலைல பென்சில் எழுத்து மட்டும் அப்படியே இருந்துச்சு. வரிசை நம்பர், தேதி, மணி. வீட்டுப் படங்கள்ல அவர் கதவு நம்பரையும் எழுதுவார். பென்சில் தண்ணிக்குப் போகாதுன்னு எனக்குத் தெரியாது. அப்புறம் பல ராத்திரி அதே நினைப்புதான், அவங்க வந்து அந்த பென்சில் எழுத்தைப் படிச்சிட்டு எங்க வீட்டுக்கு நேரா வருவாங்கன்னு.

மெஷினு வரல. மூணாம் மாசமும் வரல, மூணாம் வருஷமும் வரல. கொஞ்சம் கொஞ்சமா அவருக்கு பால்காரர் மறுபடி பால் ஊத்த ஆரம்பிச்சார், குடத்தை யாரும் தள்ளல. எங்க அப்பா மட்டும் பேசல. தாத்தா மறுபடி ஸ்டூலைப் பட்ரி பக்கம் திருப்பிக்கிட்டார். என்னை எங்க பார்த்தாலும் தலையை லேசா ஆட்டுவார். நான் வேற பக்கம் பார்த்துக்கிட்டுப் போயிடுவேன்.

மெஷினு வந்தப்போ ரெண்டாயிரம் பொறந்துடுச்சு. எனக்குப் பதினேழு வயசு, ஒரு எடத்துல கல்யாணப் பேச்சு நடந்துக்கிட்டு இருந்துச்சு. புது லைன் போடறாங்க, சந்து போகணும். ஆனா பழைய ரெஜிஸ்டர்ல நம்பர் இருக்கறவங்களுக்கு பில்டிங்ல ரூம் தருவாங்களாம். கேட்டுச்சா? நம்பர் இருந்தவங்களுக்குத்தான் ரூம். நாங்க கிரசின் போட்டு அழிச்சோமே, அந்த நம்பர்.

ஆபீஸ்ல சந்தே போயி நின்னுச்சு. ரெஜிஸ்டர்ல இருந்த பேரும் ரேஷன் கார்டுல இருந்த பேரும் ஒன்னுக்கொன்னு ஒத்து வரல. எந்த நம்பர் எந்த வீடுன்னு ஒரு கதவுலயும் இல்ல. அங்க இருந்த ஆபீசர் சாஹேப் பேனாவை மூடி வெச்சுட்டார். அப்போ பார்சல் தாத்தா வந்தார், கைத்தடி ஊனிக்கிட்டு, அக்குள்ல அந்தக் கட்டு.

"காய் ஹோ ஆஜோபா, சித்ரப் பிரதர்ஷன் ஆஹே கா?"ன்னு சாஹேப் சிரிச்சார். படக்காட்சி வெக்க வந்தீங்களா தாத்தான்னு கிண்டல். தாத்தா சிரிக்கல. சணலை அவிழ்த்து ஒவ்வொரு படமா மேஜை மேல வெச்சார். சுண்ணாம்பு அடிக்காத கதவு, கதவுல ஒன்பது, வாசல்ல எங்க பக்கத்து வீட்டு அத்தை, மூக்குத்தி உள்பட. மூலைல தேதி. சாஹேப் ரெஜிஸ்டரைப் புரட்டினார். சரியா இருந்துச்சு. அடுத்தது. அதுவும் சரியா இருந்துச்சு. சாஹேப் நிமிர்ந்து உக்காந்தார். ரிடையரான கவர்மென்ட் ஆளு, சாட்சிக் கையெழுத்துப் போடறேங்கறார், வேற என்ன வேணும். ஏழு வருஷம் முன்னாடி கிழிச்சிப் போடுன்னவங்க எல்லாம் வரிசைல நின்னு மூக்கை உறிஞ்சுக்கிட்டு அழுதாங்க.

கடைசில ஒரு நம்பர் மிச்சம். முப்பத்தொன்னு. கேக்கறவங்க ரெண்டு பேர். ஒன்னு எங்க அப்பா. இன்னொன்னு ஒரு கட்சிக்காரரோட மச்சான், சந்து முனைல ரொம்பப் பிற்பாடு தகர ஷெட்டு போட்டவன். அவன் கையில பேப்பருங்க எல்லாம் புதுசா, பளபளன்னு இருந்துச்சு. சந்துல பத்து பேர் அப்பாவுக்காகப் பேசினாங்க. சாஹேப் கேக்கல. "எல்லாரும் எல்லாருக்கும் சொல்லுவீங்க. படம் எங்க?"ன்னார்.

எங்க அப்பா தாத்தாவைப் பார்த்தார். ஏழு வருஷம் கழிச்சு முதல் தடவையா வாய் திறந்தார். "எங்க வூட்டையும் வரைஞ்சீங்கதான?"

தாத்தா கையில இன்னும் ஒரு பேப்பர் இருந்துச்சு. நான் பார்த்தேன். எல்லாருக்கும் அது கட்டுக்கு அடியில வெக்கற வெத்துப் பேப்பர். எனக்குத் தெரியும். ஓரம் எல்லாம் நெளிஞ்சு, நடுவுல ரோஸ் கலர்ல ஒரு கறை. அவர் கட்டை விரல் கீழ் மூலையை மறைச்சுக்கிட்டு இருந்துச்சு. அந்த விரலுக்கு அடியில முப்பத்தொன்னுன்னு பென்சில்ல இருக்கு. கூட ஒரு வார்த்தை, "இதைக் கழுவினது இந்தப் பொண்ணு"ன்னா போதும்.

அவர் அப்பாவை விட்டுட்டு என்னைப் பார்த்தார்.

"எனக்கு வயசாயிடுச்சு பாப்பா. ஞாபகம் சரியில்ல. நீ சொல்லு, உங்க வூட்ட நான் வரைஞ்சேனா?"

அப்பா என் பக்கம் திரும்பினார். எனக்குப் பேசியிருந்த மாப்பிள்ளையோட மாமா, அவரும் எங்க சந்துதான், அங்கயே நின்னுக்கிட்டு இருந்தார். சந்து மொத்தமும் என்னைப் பார்த்துச்சு. எனக்கு ரசம் கொட்டின புடவை ஞாபகம் வந்துச்சு. 

"இல்ல தாத்தா"ன்னேன்.

அவர் இன்னும் கொஞ்சம் காத்திருந்தார். சத்தியமா சொல்றேன், காத்திருந்தார். அப்புறம் அந்தப் பேப்பரை நாலா மடிச்சு சட்டைப் பைக்குள்ள வெச்சுக்கிட்டு, சாஹேப் பக்கம் திரும்பினார். "இல்ல சார். அந்த வீட்டை மட்டும் வரையல."

முப்பத்தொன்னு அந்த மச்சானுக்குப் போச்சு. நாங்க ஹடப்சர்ல வாடகை ரூமுக்குப் போனோம். மெஷினு வந்த அன்னைக்கு நான் பார்க்கல, அம்மா பானைங்களை எல்லாம் முன்னாடியே எடுத்துட்டு வந்துட்டாங்க. அடுத்த மழைக்காலத்துல தாத்தா போயிட்டார்னு அத்தை வந்து சொன்னாங்க. அந்தச் சட்டை என்ன ஆச்சுன்னு கேக்க எனக்கு வாய் வரல. அந்தப் பேப்பரைக் காட்டியிருந்தா சாஹேப் ஒத்துக்கிட்டிருப்பாரான்னு எனக்குத் தெரியாது. ஒத்துக்கிட்டிருக்கமாட்டார்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டு இருக்கேன், இருபது வருஷத்துக்கு மேலா.

அப்பா சாகறவரைக்கும் தாத்தாவை மறக்கல. சாப்பிட உக்காந்தா ஆரம்பிப்பார். "முப்பது வூட்ட வரைஞ்சான், என் வூட்ட மட்டும் வுட்டான் பாரு. வஞ்சம் வெச்சவன். நல்ல சாவா செத்திருக்கமாட்டான்." நான் தட்டுல ரசம் ஊத்திக்கிட்டே, "சாப்பிடுப்பா, ஆறிடும்"னு சொல்லுவேன்.